கோவையில் தம்பி கேட்ட ஒரு கேள்வி

கோயம்புத்தூரில் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தேன் என்றதும் இங்கே மலேசியாவில், ஈப்போவில் எல்லோரும் மருதமலைக்குப் போனாயா, ஊட்டிக்குப் போனாயா என்றுதான் கேட்கிறார்கள். இரண்டுக்கும் போகவில்லை. ஒரு தையல் கடையின் மாடியிலிருக்கும் அறைக்கு இரண்டு முறை போனேன். அதற்காகத்தான் கடல் தாண்டிப் போனதே.

என் தம்பி குணா படிக்கப் போன ஊர் அது. படிப்பு முடிந்து பம்புசெட் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான், பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான், அங்கேயே தங்கிவிட்டான். இப்போது அவனுக்கு நாற்பத்தைந்து வயது. நான் நான்கு வயது மூத்தவள், ஈப்போவில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். மாதம் ஒருமுறை போனில் பேசுவோம். மழை, விலைவாசி, என்னோடு இருக்கும் அம்மாவின் முழங்கால் வலி. அதற்கு மேல் பேச்சு போகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான். "அக்கா, ஒரு வாரம் லீவு போட்டுட்டு வர முடியுமா? எட்டு மாசமா ஒரு மேடத்துக்கிட்ட கவுன்சலிங் போயிட்டிருக்கேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். போன்ல கேக்க முடியாது."

"எதப் பத்தி?"

"ஸ்டோர் ரூமப் பத்தி."

மறுநாளே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

விமான நிலையத்தில் குணா என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "இந்த வருசம் வெயில் ஓவருக்கா," என்றான். வழியெல்லாம் மேம்பாலத்துக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதைப் பற்றியே பேசிக்கொண்டு வடவள்ளி வரை வந்துவிட்டோம். வீட்டு வாசலில் அவன் மனைவி பூங்கொடி நின்றிருந்தாள்.

"வாங்கண்ணி. குளிச்சுப்போட்டு வாங்க, சந்தகை புழிஞ்சு வெச்சிருக்கறேன்."

சந்தகை, எங்கள் ஊரில் புட்டுமாயம் என்கிற இடியாப்பத்துக்கு அக்கா முறை. நாங்கள் அதைத் தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் வைத்துச் சாப்பிடுவோம். இங்கே தேங்காய்ப்பால் ஊற்றினாள், அடுத்த ஈடு எலுமிச்சை பிழிந்து தாளித்து வந்தது. மூன்றாவது ஈடு வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

குளிக்கப் போனபோதுதான் கவனித்தேன். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும். படுக்கையறையிலும் அப்படியே. பூங்கொடி ஒரு சிவப்புத் துண்டை எடுத்து வந்து கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டாள்.

"துண்டு தொங்குனா உள்ள ஆள் இருக்குதுன்னு அர்த்தமுங்க அண்ணி. வாசக் கதவு தவுத்து இந்த ஊட்டுல எங்கியும் தாப்பா கெடையாது. அவரு கழட்டிப்போட்டாரு."

அன்று பிற்பகல் அவள் மீதியையும் சொன்னாள். அவர்கள் மகள் இனியாவுக்குப் பதினோரு வயது. போன வருடம் தன் அறைக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அந்த வயதில் எந்தப் பெண்ணும் கேட்பதுதான். குணா கத்தியிருக்கிறான். பிறகு வெளியே போய் மோட்டார் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தவன் இரண்டு மணி நேரம் உள்ளே வரவில்லை. பூங்கொடி அந்த வாரமே பள்ளியில் தன்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சரிடம் விசாரித்து, அவனை அந்த மேடத்திடம் அழைத்துப் போயிருக்கிறாள்.

எங்கள் வீடு ஈப்போவுக்கு வெளியே, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் பக்கம் இருந்தது. சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு ஸ்டோர் அறை. அப்பாவுக்குக் கோபம் வந்தால் குணாவை அடித்து அதற்குள் தள்ளுவார். சில நாள் காலையில் தள்ளினால், அவர் வேலை முடிந்து வந்துதான் திறப்பார். அம்மா விடிவதற்கு முன்பே தொழிற்சாலைக்குப் போய்விடுவாள். சில நாள் தாழ்ப்பாளை என்னைப் போடச் சொல்வார். நான் போட்டிருக்கிறேன்.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த அறையைப் பற்றி நானும் குணாவும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாவிடம் குணா ஒரு முறை கேட்டபோது, "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலையே," என்று சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் தனியாக டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் நோட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "பொம்பளைங்களுக்கு இந்த பஸ்ஸுல காசு இல்லீங்க. எங்க போகோணும், அத மட்டும் சொல்லுங்க." எங்கே போக வேண்டும் என்று எனக்கே தெரியாததால், எல்லோரும் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். தள்ளுவண்டி ஒன்றில் 'காளான்' என்று எழுதியிருந்தது. காரமாக, சூடாக, வெங்காயம் தூவிக் கொடுத்தார்கள். பாதித் தட்டு முடிந்த பிறகும் காளான் ஒன்றும் தட்டுப்படவில்லை.

கடைக்காரரிடம் கேட்டேன். "முட்டக்கோசுங்க. பேருதான் காளான்," என்றார். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண், "மொத தடவ எல்லாரும் கேப்பாங்க ஆன்ட்டி," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரிலிருந்து கிளம்பிய பிறகு அன்றுதான் சிரித்தேன்.

புதன்கிழமை மேடம் என்னை மட்டும் வரச் சொல்லியிருந்தார். பெயர் செலின். ஐம்பது வயதிருக்கும், கைத்தறிச் சேலை, குட்டையாக வெட்டிய முடி. அறையில் மூன்று பிரம்பு நாற்காலிகள். ஜன்னல் திறந்திருந்தது. கதவை முழுதாகச் சாத்தாமல் ஒரு செருப்பை இடையில் வைத்திருந்தார்கள். "குணா சாருக்காக ஆரம்பிச்சதுங்க. இப்ப எல்லாரும் அதனாலதான் காத்து வருதுன்னு சொல்றாங்க," என்றார்.

தம்பிக்கு என்ன வைத்தியம் செய்கிறீர்கள் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பல் பிடுங்குவதும் அடைப்பதும்தான்.

"நேரா அந்த ரூமுக்குள்ள போயிர மாட்டமுங்க. மொத மூணு மாசம் அதப் பத்திப் பேசவே இல்ல. தூக்கம், மூச்சு, கோவம் ஏறுறப்ப கால் தரையில இருக்கறதக் கவனிக்கறது, அவ்வளவுதான். இப்ப நாம பத்திரமா இருக்கறம்னு அவரு உடம்புக்கு ஒரு நம்பிக்கை வரோணுமில்லீங்களா. அதுக்கப்பறந்தான் பழசத் தொட்டோம்."

எப்படித் தொட்டார்கள் என்பதையும் காட்டினார். இரண்டு விரல்களை என் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாக மெதுவாக அசைத்தார். பழைய நினைவில் ஒரு சிறு துண்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கண் இந்த விரல்களைத் தொடர வேண்டும். சிறிது நேரத்தில் நிறுத்தி, இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்பார். குணா முதலில், இது ஏதோ மேஜிக் ஷோ மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறான். அடுத்த வாரம் திரும்பி வந்திருக்கிறான்.

"எல்லாத்துக்கும் இது சரிப்படாதுங்க. சிலரு எழுதுவாங்க. சிலருக்குக் கூட்டத்துல பேசுனாத்தான் வரும். சிலருக்கு டாக்டரப் பாத்து மாத்திரையும் வேணும். ஆளுக்குத் தக்கனதான்."

"அவன் மறந்துடுவானா?"

"மறக்க வெக்கறதில்லீங்க. ஞாபகம் வந்தா அது இப்ப நடக்கற மாதிரி இருக்கு அவருக்கு. அது என்னிக்கோ நடந்து முடிஞ்சதுன்னு உடம்புக்குத் தெரியோணும். அதுக்குத்தான் இவ்வளவும்."

"அப்பாவ மன்னிக்கச் சொல்வீங்களா?"

"அது அவரு இஷ்டமுங்க. நான் அத ஒரு வேலையாக் குடுக்கறதில்ல."

நாளைக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "நடந்தது என்னவோ அதச் சொல்லுங்க. அவரு மனசு நோகக் கூடாதுன்னு மாத்திச் சொல்லிப்போடாதீங்க. அவருக்குத் தெரிஞ்சுரும்."

உண்மையைச் சொன்னால், மாற்றிச் சொல்வதற்கு ஒன்றை நான் விமானத்திலேயே தயார் செய்து வைத்திருந்தேன். நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன், எனக்கு ஒன்றும் தெரியாது. பாதி நாளைக்கு அது உண்மையும்கூட.

வியாழக்கிழமை குணா கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, பாதங்களைத் தரையில் வைத்துக்கொண்டான். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று செலின் எங்கள் இருவரிடமும் சொன்னார். அவன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, நான் உள்ளேருந்து கதவத் தட்டுனேன். கத்துனேன். உனக்குக் கேட்டுச்சா?"

கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் வந்தது. விமானத்தில் தயார் செய்த பதில் நாக்கு வரை வந்தது.

"கேட்டுச்சு," என்றேன்.

"எப்பவுமா?"

"வீட்ல இருந்தப்பல்லாம் கேட்டுச்சு. ரேடியோவச் சத்தமா வைப்பேன். பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தாரு. எனக்கும் கேக்க வேணாம்னு நான் இன்னும் கூட்டி வைப்பேன். ஒரு நாள் கதவுகிட்ட வந்து தாழ்ப்பாள் மேல கை வச்சேன். திறக்கல."

குணா முன்னால் குனிந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். மூச்சு வேகமாக வந்தது. நான் எழப் போனேன். செலின் கையால் என்னை அமர்த்திவிட்டு அவனிடம், "கால் எங்க இருக்குதுங்க, குணா?" என்றார்.

"தரையில."

"எப்படி இருக்குது?"

"சில்லுன்னு."

"அப்படியே இருங்க. அவசரம் இல்ல."

நிமிர்ந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன. அவன் முதலில் பேசியது என்னிடம் இல்லை. "மேடம், அப்ப அது நெசம். நான் கத்துனது நெசம்." பிறகு என் பக்கம் திரும்பினான். "அம்மா ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாயிடுச்சுக்கா. நான் கத்தவே இல்லையோ, எனக்குச் சத்தமே வரலையோன்னு நெனச்சிருக்கேன்."

"வந்துச்சு. நல்லாக் கேட்டுச்சு."

சற்று நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் அவன் முகம் மாறியது. "கேட்டும் நீ திறக்கல."

"ஆமா."

"இன்னிக்குப் போதும் மேடம்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

செலின் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "அப்ப உங்களுக்கு என்ன வயசுங்க?"

"பதிமூணு."

"எங்கூட்டுப் பொண்ணுக்கும் பதிமூணுதான். கரண்டு போனா இன்னும் என் முந்தானையப் புடிச்சுக்குவா." பிறகு கேட்டார். "நீங்க தெறந்திருந்தா உங்க அப்பா உங்கள என்ன பண்ணியிருப்பாரு?"

முப்பத்தாறு வருடத்தில் நான் என்னையே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. பதில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பெல்ட் எந்த ஆணியில் தொங்கும் என்பதுகூட நினைவுக்கு வந்தது. நான் அழுது முடிக்கும் வரை செலின் காத்திருந்தார்.

கடைசியில், "அவரு உங்க மேல கோவப்படுவாருங்க. வர வேண்டிய கோவந்தான், வரட்டும். நீங்க மட்டும் பயந்துக்கிட்டு டிக்கெட்ட மாத்திப்போட்டு ஊருக்குப் போயிராதீங்க. அவரு கோவத்துல இருக்கறப்பவும் ஒரு ஆளு பக்கத்துல இருக்கறதே பெரிய வைத்தியமுங்க," என்றார். நான் ஊர் திரும்பியதும் பேசுவதற்கு யாராவது இருக்கிறார்களா என்றும் விசாரித்தார். இல்லை என்றேன். மலேசியாவில் இருப்பவர்களோடும் வீடியோவில் தமிழில் பேசுகிற ஒரு கவுன்சலரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை குணா என்னோடு பேசவில்லை. காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். பூங்கொடி தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருப்பாருங்க அண்ணி. முந்தியெல்லாம் ரெண்டு மாசம் இருப்பாரு."

அன்று மாலை எனக்கு ஒரு போன் வந்தது. சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் தங்கவேல் என்பவர். சின்ன வயதில் இப்படி அடிபட்டவர்களுக்காகச் செலின் நடத்தும் சனிக்கிழமைக் கூட்டத்தில் குணாவோடு உட்காருகிறவர். "குணா சாரோட அக்காங்களா? நாளைக்கு எங்கூட்டுக்கு ஒரு வாய் சாப்பாட்டுக்கு வாங்க. சாருகிட்டக் கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. இந்த வாரம் கூட்டமும் இல்லீங்க."

பேசாத தம்பி சரி என்று சொல்லியிருக்கிறான். அது போதுமாக இருந்தது. சனிக்கிழமை கிளம்பினேன். சோமனூருக்குள் போகாத பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்பது கருமத்தம்பட்டியில் கண்டக்டர் இறக்கிவிட்டபோது தெரிந்தது. தங்கவேல் மொபெட்டில் வந்து அழைத்துப் போனார். மெலிந்த மனிதர், நாற்பது வயது. அவர் தெருவில் நுழைந்ததும் தறிச் சத்தம் காதை அடைத்தது. எங்கள் ஊரில் பெருமழை தகரக் கூரையில் விழும்போதுதான் அப்படிக் கேட்கும்.

எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு விடுதியில் தங்கிப் படித்திருக்கிறார். அங்கே வார்டன் செய்ததை நான் எழுதப் போவதில்லை. அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். "தறிச் சத்தம் இருந்தா மனசுல ஒண்ணும் ஓடாதுங்க. தறி நின்னா உள்ளுக்குள்ள ஆரம்பிச்சுரும். அதனால ஞாயித்துக்கெழம கூட ஓட்டிக்கிட்டிருந்தேன். இப்ப ஞாயிறு நிறுத்திப்போடறேன்."

கூட்டத்தில் முதல் தடவை எப்படிப் பேசினீர்கள் என்று கேட்டேன்.

"அஞ்சு வாரம் சும்மா உக்காந்திருந்தனுங்க. யாரும் பேசச் சொல்லல. ஒரு நாள் பக்கத்துல இருந்தவரு, ஆஸ்டல்ல என்னங்க சோறு போட்டாங்கன்னு கேட்டாரு. சாம்பாரச் சொல்ல ஆரம்பிச்சேன். அதுலிருந்து எல்லாம் வந்துருச்சு."

அவர் மனைவி சரஸ்வதி அரிசியும்பருப்புச் சாதத்தில் நெய்யை ஊற்றிக்கொண்டே சேர்ந்துகொண்டாள். "முந்தி பின்னாலிருந்து தோளத் தொட்டாத் தூக்கிவாரிப்போடும் இவருக்கு. எனக்குக் கோவம் வரும், கட்டுனவ தொட்டா என்னன்னு. இப்பப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டுத் தொடறேன். மேடம் சொல்லிக் குடுத்தாங்க."

கை கழுவும்போது தங்கவேல் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "வியாழக்கெழம சாரு எனக்குப் போன் பண்ணுனாருங்க. தட்டுனது கேட்டுச்சுன்னு எங்கக்கா ஒத்துக்கிச்சுன்னாரு. திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாரு. எங்கண்ணனும் அதே ஆஸ்டல்லதாங்க இருந்தாரு. ஒண்ணும் ஞாபகமில்லீங்கறாரு இன்னிக்கு வரைக்கும்."

வீடு திரும்பியபோது டிவிக்குப் பக்கத்தில் ஒரு புதுத் தாழ்ப்பாள் இருந்தது. குணா வாங்கி வைத்திருக்கிறான். பூங்கொடியும் இனியாவும் அதைக் கண்டும் காணாத மாதிரி நடமாடினார்கள். நான் கிளம்பும் வரை அது பிரிக்காத பாக்கெட்டில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூங்கொடியின் பெற்றோர் வீட்டுக்கு, பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கத்துத் தோப்புக்கு, எல்லோரும் காரில் போனோம். மறுநாள் பள்ளிக்கு லீவு என்பதால், சாப்பாட்டுக்குப் பின் பூங்கொடியும் இனியாவும் ஒரு நாள் தங்குவதாகச் சொல்லிக் காரை வைத்துக்கொண்டார்கள். எனக்கு மறுநாள் விமானம், குணாவுக்கு வேலை. நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். கிணத்துக்கடவு தாண்டியதும் பின் டயர் வெடித்தது.

"பின்னால வண்டி வருதுங்க, ஏறிக்கலாம்," என்று கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டார். வந்த முதல் இரண்டு பஸ்களிலும் கால் வைக்க இடமில்லை. சாலையோரம் கிடந்த சிமெண்டுக் குழாய் ஒன்றின் மேல் இருவரும் உட்கார்ந்தோம். குணா இரண்டு இளநீர் வாங்கி வந்தான்.

"உன் மேல கோவம் இன்னும் இருக்கு," என்றான்.

"இருக்கட்டும்."

"எவ்வளவு நாளைக்கு இருக்கும்னு தெரியல."

"நான் எங்கயும் போகலடா. போன் பண்ணி எவ்வளவு வேணாலும் திட்டு."

இளநீரை உறிஞ்சி முடித்தான். "மேடம் ஒரு வேலை குடுத்திருக்காங்க. சின்ன வயசுல அந்த ரூம் இல்லாம வேற என்னல்லாம் இருந்துச்சுன்னு எழுதணும். நோட்டு வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு வரி வரல. அந்த ரூம் மட்டுந்தான் இருக்கு. நீ சொல்லேன்."

நான் சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் விற்கும் ஐஸ் உருண்டையை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை அவன் எடுத்துக்கொண்டு ஓடுவான். வீட்டுக் கோழி ஒன்று அவன் பின்னாலேயே பள்ளி வரை வந்து வகுப்பறைக்குள் நுழைந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் ஹசான் தன் மகனின் பழைய சைக்கிளுக்குப் பெயிண்ட் அடித்து அவனுக்குக் கொடுத்தார். ஒரே மதியத்தில் ஓட்டப் பழகிவிட்டான். அன்றைக்கே குட்டைக்குள் சைக்கிளோடு விழுந்து, தலையில் பாசியோடு எழுந்து நின்று சிரித்தான். நனைந்த சட்டையை நானும் அவனும் பாக் ஹசான் வீட்டுக் கொடியில் காயப்போட்டு, காய்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போனோம்.

அவன் "அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு பஸ் இடத்தோடு வந்து நின்று போயிற்று. நாங்கள் ஏறவில்லை.

"அந்த நீலச் சைக்கிள்ல என்னையும் ஒரு நாள் பின்னால உக்கார வச்சு..." என்று நான் தொடங்கினேன்.

"நீலம் இல்ல," என்றான்.

நான் நிறுத்தினேன்.

"செவப்புக்கா. பெல் மட்டும் நீலம். அந்த பெல் அடிக்காது. நான்தான் வாயால டிரிங் டிரிங்னு கத்திட்டே போவேன். பாக் ஹசான் வாசல்ல நின்னு காதப் பொத்திக்குவாரு."

எனக்கு அது நினைவில் இல்லை. பெல் இருந்ததே நினைவில் இல்லை. அவன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்துக் காட்டினான்.

அடுத்த பஸ் எங்கள் முன்னால் வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்று, "ஏறலீங்களா?" என்றார். குணா கையை ஆட்டி அனுப்பிவிட்டான். ஹேண்டில்பாரில் இடது பக்கத்து ரப்பர் எப்படிக் கிழிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.